ஏன் கேட்காமல் அழித்தது? கறுப்புத் திரையின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிந்த பிறகு நிதானமாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப்போகிறேன்.

நம் பழைய மாணவர் சந்திப்புக்காக இரண்டு மாதமாகப் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பெயர், படித்த ஆண்டு, இப்போது இருக்கும் ஊர், தொலைபேசி எண் என்று ஒரு வரிக்கு ஒருவர். 214 வரிகள் ஆகியிருந்தன. தம்பி மகன் என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலை வாங்கவும் சொல்லிக் கொடுத்திருந்தான். ஒரு நாள் மாலை, பட்டியலை அகர வரிசையில் அடுக்கலாம் என்று இப்படித் தட்டினேன்:

சார்ட் பட்டியல் > பட்டியல்

'பட்டியலை வரிசைப்படுத்தி, அதையே பட்டியலில் போடு' என்பது என் எண்ணம். என்டர் தட்டினேன். ஒரு பேச்சும் இல்லை. கோப்பைத் திறந்தால் வெறுமை. 214 வரிகளும் போய்விட்டன.

தம்பி மகனைக் கூப்பிட்டேன். "பெரியப்பா, அது கேட்காது. நீங்க சொன்னதைச் செஞ்சிடும்" என்றான். "அழிக்கும்போதுகூட ஒரு வார்த்தை கேட்காதா? ஏன்?" என்றேன். "அது அப்படித்தான் பெரியப்பா" என்றான்.

வரலாறு நடத்தியவனிடம் 'அப்படித்தான்' என்று சொல்லக்கூடாது. அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் பெயர். இந்தக் கறுப்புத் திரையில் நம்மோடு பேசும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். ஷெல் என்றால் ஓடு. கணினியின் உள்ளே எல்லாவற்றையும் நடத்தும் மையப் பகுதிக்குக் 'கெர்னல்' என்று பெயர், அதாவது பருப்பு. தேங்காயில் பருப்பை ஓடு சூழ்ந்திருப்பது போல, மையத்தைச் சூழ்ந்து, நமக்கும் அதற்கும் நடுவில் நிற்பது ஷெல்.

இந்தப் பெயரை வைத்தவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர். 1963, 64 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேலை பார்த்தபோது, ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பத் தட்டுவதில் சலித்துப்போய், அவற்றை ஒரு கோப்பில் எழுதி வைத்து வரிசையாக ஓட்டும் நிரல் ஒன்றை எழுதினார். அதற்கு 'ரன்காம்' என்று பெயர். 'கட்டளைகளை ஓட்டு' என்பதன் சுருக்கம். பிறகு மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத் திட்டத்துக்காக இந்தக் கருத்தை விரித்து எழுதியபோது 'ஷெல்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 1965-இல் அவர் பிரான்ஸ் திரும்பிவிட, மல்டிக்ஸின் முதல் ஷெல்லை எழுதிய பணியில் கிளெண்டா ஷ்ரோடர் என்ற பெண்மணியின் பெயர் நிற்கிறது. இன்றைக்கும் லினக்ஸில் நம் அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பின் பெயர் 'பாஷ்ஆர்சி' என்று முடிகிறது. அந்த 'ஆர்சி', ரன்காமின் மிச்சம். அறுபது ஆண்டுக்கு முந்தைய ஒருவரின் சலிப்பு நம் கணினியில் இன்னும் இருக்கிறது.

மல்டிக்ஸை எம்.ஐ.டி., ஜெனரல் எலக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து செய்தன. திட்டம் இழுத்துக்கொண்டே போனதால் 1969-இல் பெல் ஆய்வகம் விலகியது. அங்கே வேலை செய்த கென் தாம்சனுக்குப் பெரிய கணினி கையைவிட்டுப் போயிற்று. நியூ ஜெர்சியில் உள்ள மரே ஹில் வளாகத்தில் பிடிபி-7 என்ற சிறிய, அப்போதே பழையதாகிவிட்ட கணினி ஒன்று கிடந்தது. அந்தக் கோடையில் அவர் மனைவி குழந்தையோடு ஊருக்குப் போயிருந்தார். அந்த இடைவெளியில் மையப் பகுதிக்கு ஒரு வாரம், ஷெல்லுக்கு ஒரு வாரம், எழுதிக்கு ஒரு வாரம், அசெம்பிளருக்கு ஒரு வாரம் என்று பிரித்து எழுதி முடித்தார். அதுதான் யூனிக்ஸின் தொடக்கம். டென்னிஸ் ரிட்சியும் தொடக்கத்திலிருந்தே அவரோடு உழைத்தார்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ஏன் கேட்கவில்லை?

அந்தக் காலத்தில் பெரும்பாலும் திரை கிடையாது. டெலிடைப் மாடல் 33 என்ற தட்டச்சு இயந்திரம் இருந்தது. நாம் தட்டுவதும் கணினி சொல்வதும் காகிதச் சுருளில் அச்சாகும். வேகம் நொடிக்கு 10 எழுத்து. விசைகளை அழுத்தியே தட்ட வேண்டும். 'இந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, அழித்துவிடட்டுமா?' என்று அது கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது 60 எழுத்து என்றால், கேள்வி அச்சாவதற்கே 6 நொடி. அதன் பிறகுதான் நம் பதில். ஒரு நாளைக்கு நூறு முறை கேட்டால் பத்து நிமிடம் கேள்விக்கே போய்விடும்.

அதனால்தான் பெயர்களும் குட்டையாயின என்று சொல்வார்கள். பட்டியலிடு என்பதற்கு எல்எஸ், படியெடு என்பதற்கு சிபி, இடம் மாற்று என்பதற்கு எம்வி, நீக்கு என்பதற்கு ஆர்எம், எல்லாம் இரண்டே எழுத்து. சொன்ன வேலை ஒழுங்காக முடிந்தால் ஷெல் ஒன்றும் சொல்லாது. தவறு நேர்ந்தால்தான் வாய் திறக்கும். 'ஒன்றும் சொல்லவில்லை என்றால் நல்லபடி முடிந்தது' என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுதியவர்கள் ஒரே அறையில் இருந்த ஒரு சிலர். அவர்கள்தாம் பயன்படுத்தியவர்களும். தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தவன்தான் தட்டுவான் என்று நம்பிக் கட்டினார்கள். அந்த நம்பிக்கையை நாம் அப்படியே வாங்கிக்கொண்டோம். அவர்களுடைய பழக்கத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆனால் வெகு சீக்கிரமே வெளி ஆட்களும் வந்தார்கள். பிடிபி-11 என்ற புதிய கணினியை வாங்கித் தரச் சொல்லி மேலிடத்தைக் கேட்டபோது, 'ஆவணங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தும் கருவி செய்து தருகிறோம்' என்றுதான் கேட்டார்கள். 1971-இன் பிற்பாதியில் ஆய்வகத்தின் காப்புரிமைத் துறையைச் சேர்ந்த மூன்று தட்டச்சர்கள் நாள் முழுக்க அதில் விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அரை மெகாபைட் கொண்ட ஒரே ஒரு வட்டு. அதே இயந்திரத்தில்தான் தாம்சனும் ரிட்சியும் புது நிரல்களைச் சோதித்தார்கள். ஒரு நிரல் தப்பாகப் போனால் மொத்தமும் நின்றுவிடும். இதை நான் சொல்வதற்குக் காரணம், கறுப்புத் திரை பொறியாளருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறீர்கள். அதன் முதல் வெளிப் பயனாளிகள் கடிதமும் பட்டியலும் தட்டுகிறவர்கள். நம்மைப் போன்றவர்கள்.

இப்போது என் பட்டியல் எப்படிப் போயிற்று என்று பார்ப்போம். > என்ற குறிக்கு 'வருவதை அந்தக் கோப்பில் ஊற்று' என்று பொருள். ஷெல் வரியைப் படித்ததும், முதல் வேலையாக அந்தக் குறிக்கு வலப்பக்கம் உள்ள கோப்பைத் திறந்து காலி செய்து தயாராக வைக்கிறது. அதற்குப் பிறகுதான் சார்ட்டைக் கூப்பிடுகிறது. சார்ட் வந்து படிக்கும்போது கோப்பில் ஒன்றும் இல்லை. பாலை மாற்றாமல், பால் இருந்த பாத்திரத்தையே கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதில் பால் மொள்ளச் சொன்ன கதை. தவறு ஷெல்லுடையது அல்ல. இரண்டு பக்கமும் ஒரே பெயரைக் கொடுத்த என்னுடையது.

சரியான வழி இது:

சார்ட் -ஓ பட்டியல் பட்டியல்

சார்ட் முழுவதையும் படித்து முடித்த பிறகே எழுதும். ஏற்கெனவே உள்ள கோப்பின் கடைசியில் சேர்க்க வேண்டுமானால் >> என்று இரண்டு குறி போடுங்கள். ஒற்றைக் குறி துடைத்துவிட்டு எழுதும், இரட்டைக் குறி ஒட்டி எழுதும். இதை மறந்தால் நான் பட்ட பாடு படுவீர்கள்.

அடுத்தது, இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. டக் மெக்கில்ராய் என்று ஒருவர், அந்தத் துறையின் தலைவர். 1964-ஆம் ஆண்டிலேயே ஒரு குறிப்பில், தோட்டத்து ரப்பர் குழாயில் இன்னொரு துண்டைத் திருகிச் சேர்ப்பது போல நிரல்களையும் ஒன்றோடொன்று சேர்க்க வழி வேண்டும் என்று எழுதினார். கேட்டுக்கொண்டே இருந்தார். 1973-இல் தாம்சன் ஒரே இரவில் அதைச் செய்துகொடுத்தார். முதலில் குறி வேறு மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் | என்ற நெட்டுக் கோடு வந்தது. ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலுக்குள் போகும். ஒன்பது ஆண்டு ஒரே கருத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவரின் பொறுமைக்குக் கிடைத்த பலன் அந்தக் கோடு.

நிரல்கள் வாய் மூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'வேலை வெற்றிகரமாக முடிந்தது, நன்றி' என்று ஒவ்வொன்றும் பேசினால், அந்தப் பேச்சும் குழாய் வழியே போய் அடுத்த நிரலின் கணக்கைக் கெடுக்கும்.

நம் வேலைக்கு இது எப்படி உதவும்? இரண்டு வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து எடுத்த பெயர்கள் ஒரே கோப்பில் கலந்து கிடக்கின்றன என்று வையுங்கள். இரட்டைப் பதிவை நீக்கி எத்தனை பேர் என்று எண்ண:

சார்ட் பெயர்கள் | யூனிக் | டபிள்யூசி -எல்

யூனிக் என்பதைக் கடைசியில் கியூ வைத்து நான்கே எழுத்தில் தட்டுங்கள். அது அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரி வரிகளைத்தான் ஒன்றாக்கும். தள்ளி இருந்தால் அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் சார்ட் கட்டாயம்.

அழைத்தவர் பட்டியல் ஒன்று, வருகிறேன் என்று சொன்னவர் பட்டியல் ஒன்று இருக்கிறதா? இரண்டையும் வரிசைப்படுத்திக்கொண்டு:

காம் -23 அழைத்தவர் வருபவர்

முதல் கோப்பில் மட்டும் உள்ள பெயர்கள், அதாவது பதில் சொல்லாதவர்கள் மட்டும் வருவார்கள். காம் என்பதில் இரண்டு எம். திருமண அழைப்புக்குக்கூடப் பயன்படும்.

கோப்புக்குள் தேடுவதற்கு கிரெப். இதற்கும் ஒரு கதை உண்டு. லீ மக்மஹோன் என்பவர், 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகள் என்னும் 85 பழைய அமெரிக்க அரசியல் கட்டுரைகளில் எது யார் எழுதியது என்று சொற்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வளவு உரையும் அன்றைய எழுதிக்குள் அடங்கவில்லை. தாம்சன் எழுதியில் இருந்த தேடும் பகுதியை மட்டும் தனியே எடுத்து ஒரு நிரல் ஆக்கினார். எழுதியில் 'எல்லா இடத்திலும் இந்த வடிவம் உள்ள வரிகளை அச்சிடு' என்பதற்கான கட்டளையின் எழுத்துகளே கிரெப் என்ற பெயர். நாம் இப்படிப் பயன்படுத்தலாம்:

கிரெப் -ஐ மதுரை பட்டியல்

மதுரை என்ற சொல் உள்ள வரிகள் மட்டும் வரும். -ஐ போட்டால் ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது.

1986-இல் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் உரையில் அதிகம் வரும் சொற்களை எண்ணிக்கையோடு தருவதற்கு நிரல் எழுதித் தருமாறு, கணினி உலகின் பேராசான் டொனால்டு நூத்தை ஓர் இதழின் பத்தியாளர் கேட்டார். நூத் பத்துப் பக்கத்துக்கு மேல் அழகான நிரல் எழுதினார். அதை மதிப்புரைக்க வந்தவர் நம் மெக்கில்ராய். பாராட்டவேண்டியதைப் பாராட்டிவிட்டு, அதே வேலையை ஏற்கெனவே இருந்த கருவிகளால், ஆறே கட்டளைகளைக் குழாயால் கோத்துச் செய்துகாட்டினார். நூத்தின் அறிவில் குறை ஒன்றும் இல்லை. சிறு கருவிகளைச் சேர்த்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தமிழுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டின் கீழே விரிக்கும் காகிதத்தில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையை வரைந்தார்கள். இந்தப் பதிவை நீங்கள் தமிழில் படிப்பதும் அந்த முறையால்தான். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'அம்மா' என்று எழுதி டபிள்யூசி -சி கொண்டு எண்ணினால் 15 என்று சொல்லும். டபிள்யூசி -எம் கொண்டு எண்ணினால் 5. அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 3 என்று சொல்லும், அதுவே நம் இலக்கணப்படி சரி. (வரி முடிவுக்கும் ஒன்று சேர்த்துக்கொள்ளும். எண் ஒன்று கூடினால் பயப்படாதீர்கள்.) மூன்று விடையும் சரி, எண்ணப்படும் பொருள்தான் வேறு.

தட்டும் உழைப்பைக் குறைக்கும் வழிகள் பிறகு வந்தன. 1970-களின் இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில், முன்பு தட்டியதை மறுபடி அழைக்கும் வசதி வந்தது. இன்றைக்கும் !! என்று தட்டினால் முந்தைய கட்டளை மறுபடி ஓடும். வீட்டுக் கோப்புறையைக் குறிக்க ~ வந்ததும் அங்கிருந்துதான். அவர் பயன்படுத்திய முனையத்தில் அந்தக் குறியும் 'ஹோம்' என்ற சொல்லும் ஒரே விசையில் இருந்தன, அவ்வளவுதான் காரணம். 1979-இல் ஸ்டீபன் பார்னின் ஷெல் வந்தது. 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ், பார்ன் ஷெல்லின் 'மறுபிறவி' என்ற சிலேடையைப் பெயராக வைத்துக்கொண்டது. லினக்ஸில் நாம் பெரும்பாலும் பேசுவது அதோடுதான்.

பாஷில் மேல் அம்புக்குறி பழைய கட்டளைகளைக் கொண்டுவரும். கன்ட்ரோலோடு ஆர் அழுத்தி ஒரு துண்டைத் தட்டினால், அது வரும் பழைய கட்டளையைத் தேடித் தரும். கோப்புப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும். ஓடுகிற ஒன்றை நிறுத்தக் கன்ட்ரோலோடு சி. எந்தக் கட்டளைக்கும் விளக்கம் வேண்டுமானால் முன்னால் 'மேன்' என்று சேர்த்துத் தட்டுங்கள்.

கடைசியாக எச்சரிக்கை. 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ ஆர்எம் கட்டளையைத் தப்பான இடத்தில் ஓட்டிவிட்டார்கள். பாத்திரங்கள் கண்முன்னே ஒவ்வொன்றாக மறைந்தன. காப்புப் பிரதியும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. படம் பிழைத்தது அதனால்தான்.

எனக்கும் அதே கதிதான், சிறிய அளவில். என் பட்டியலின் படி ஒன்றை இரண்டு வாரத்துக்கு முன் தங்கை மகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அதில் 183 வரிகள் கிடைத்தன. மீதி 31.

இப்போது நான் மூன்று பழக்கம் வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கேட்காததைக் கேட்க வைப்பது. பாஷ்ஆர்சி கோப்பில் இந்த இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டேன்:

செட் -ஓ நோக்ளாபர்
அலியாஸ் ஆர்எம்='ஆர்எம் -ஐ'

முதல் வரி இருந்தால், ஒற்றை > குறி ஏற்கெனவே உள்ள கோப்பைத் துடைக்க மறுத்துவிடும். தெரிந்தே துடைக்க வேண்டுமானால் >| என்று போட வேண்டும். இரண்டாவது வரி, நீக்குமுன் ஒவ்வொன்றுக்கும் கேட்க வைக்கும். சிபி, எம்வி இரண்டுக்கும் இதே -ஐ உண்டு. நொடிக்குப் பத்து எழுத்துக் காலம் போய்விட்டது. இன்று கேட்பதற்குச் செலவு இல்லை.

இரண்டு: நட்சத்திரக் குறி போட்டு நீக்குவதற்கு முன், அதே வடிவத்தை எல்எஸ் கொண்டு பார்ப்பது. எவை போகப்போகின்றன என்று முன்பே கண்ணில் படும்.

மூன்று: எந்த வேலைக்கும் முன் ஒரு சிபி. அந்தப் படி வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

உங்களில் சிலருக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். அது வீட்டில் எங்கேயாவது கிடந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். மேக் கணினியிலும் இந்தக் கட்டளைகள் உண்டு. கைப்பேசியில் டெர்மக்ஸ் போட்டால் அதிலும் ஓடும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கட்டளையோடு அதன் காரணத்தையும் சொல்லுங்கள். 'அது அப்படித்தான்' என்று மட்டும் சொல்லாதீர்கள். யாரோ ஒருவர், ஏதோ ஒரு தேவைக்கு, கையில் இருந்த கருவியைக் கொண்டு முடிவு செய்ததுதான் எல்லாம். காரணம் தெரிந்தவனுக்கு எங்கே நம்பலாம், எங்கே கவனம் வேண்டும் என்பதும் தெரியும்.

இனி நான் கேட்பதாகச் சொன்ன உதவி. தொலைந்த 31 பேரையும் மறுபடி தேடினேன். பலரைக் கேட்டு, பழைய குறிப்பேட்டைப் புரட்டி, 27 பேரைப் பிடித்துவிட்டேன். இன்னும் நான்கு பேர் யார் என்றே நினைவுக்கு வரவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. சந்திப்புக்காக என்னிடம் எண் கொடுத்து, நான் இந்த வாரம் மறுபடி பேசாதவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து உள்பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். இந்த முறை >> போட்டுத்தான் சேர்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்